ஐபிஎஸ் வயிற்றுக்கு இசப்கோல் உமி: எதை வாங்கணும், எப்படிக் குடிக்கணும்

முதலிலேயே முடிவைச் சொல்லிவிடுகிறேன். ஐபிஎஸ், அதாவது அடிக்கடி வயிறு வலித்து மலம் போகிற விதம் மாறிக்கொண்டே இருக்கிற 'இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம்' என்ற குடல் தொல்லை, இருக்கிறவர்கள் செலவு செய்து ஒரே ஒரு பொருளைத்தான் முயற்சி செய்து பார்க்க முடியும் என்றால், நார்ச்சத்துக்காகத் தண்ணீரில் கலந்து குடிக்கிற, வேறு எதுவும் கலக்காத சாதா இசப்கோல் உமியை வாங்குங்கள். ஆரஞ்சு வாசனை போட்டது வேண்டாம், 'மல்டி ஃபைபர்' என்று பெரிய எழுத்தில் போட்ட டப்பா வேண்டாம், ஒரே ராத்திரியில் வயிற்றைச் சுத்தம் செய்யும் என்று விளம்பரம் செய்கிற பொடி வேண்டவே வேண்டாம். சாதா உமிக்கு 5க்கு 4 கொடுப்பேன். ஆனால் அந்த 4 அதைச் சரியாகக் குடிக்கிறவர்களுக்குத்தான். நம் வீடுகளில் வழக்கமாகக் குடிக்கிற முறையில் குடித்தால் 2 கூடத் தேறாது.

நான் இருப்பது பழைய வண்ணாரப்பேட்டை, வேலை பாரிமுனைப் பக்கம் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுவது. எனக்கு இருப்பது கலந்த வகை ஐபிஎஸ், அதாவது சில நாள் காலையில் மூன்று தடவை ஓட வேண்டியிருக்கும், அப்புறம் நான்கு நாள் போகவே போகாது, இரண்டிலும் அடிவயிறு இறுக்கிப் பிடிக்கும், போய்விட்டு வந்தால் கொஞ்சம் விடும். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்து 'ஒன்றும் இல்லை' என்று சொல்லி அனுப்பப்பட்ட பலருக்கும் இருப்பது இதுதான். ஒன்றும் இல்லை என்பது தப்பு. 2016இல் வந்த ரோம் 4 என்ற அளவுகோல் இதைத் தெளிவாகவே சொல்கிறது: கடைசி 3 மாதமாக வாரத்துக்குச் சராசரியாக ஒரு நாளாவது வயிற்று வலி, அது மலம் கழிப்பதோடு சம்பந்தப்பட்டோ, போகிற தடவையோ மலத்தின் தன்மையோ மாறுவதோடு சேர்ந்தோ வர வேண்டும், இந்த மூன்றில் குறைந்தது இரண்டு பொருந்த வேண்டும், தொல்லை ஆரம்பித்து 6 மாதமாவது ஆகியிருக்க வேண்டும். குடலில் புண்ணோ கட்டியோ இல்லை, ஆனால் குடலின் அசைவும் அதன் உணர்ச்சியும் மூளைக்கும் குடலுக்கும் நடக்கிற பேச்சும் சரியில்லை. அதனால்தான் இதை ஒரு மாத்திரையில் முடிக்க முடிவதில்லை, தினம் தினம் நாமே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சரி, வாங்குகிற கதைக்கு வருகிறேன். மெடிக்கல் ஷாப் எல்லாவற்றிலும் கிடைக்கும் என்றாலும் நான் வாங்குவது பூங்கா நகர் ராசப்ப செட்டி தெருவில், கந்தகோட்டம் கோயில் பக்கத்தில் இருக்கிற அந்த நாட்டு மருந்துக் கடைகளில். அங்கே போய் இசப்கோல் என்று கேட்டால் உடனே எடுத்துக் கொடுக்க மாட்டார்கள்.

"உமியா, விதையாம்மா?"

"உமிதாண்ணே."

"லூஸா, பாக்கெட்டா?"

இந்த இரண்டு கேள்விக்கும் பதில் தெரிந்துகொண்டு போங்கள். விதை விலை குறைவு, ஆனால் ஊற வைக்க வேண்டும், ஒரு ஸ்பூன் விதையில் நமக்கு வேண்டிய கரையும் நார் உமி அளவுக்குக் கிடைக்காது. வேண்டியது விதை மேல் இருக்கிற தோல், அதுதான் உமி. லூஸாக வாங்கினால் நல்ல சரக்கும் கிடைக்கும், மோசமானதும் கிடைக்கும், அன்றைக்கு எந்த மூட்டை பிரித்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. நல்ல உமி வெளிறிய நிறத்தில், லேசான இளஞ்சிவப்பு கலந்து, ஊதினால் பறக்கிற மாதிரி இருக்கும். பழுப்பும் கறுப்புமாகத் துணுக்குகள் நிறைய தெரிந்தால் விதைத் தூளும் தூசியும் கலந்திருக்கிறது என்று அர்த்தம். வீட்டில் ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் போட்டுக் கலக்கி வைத்தால் சீக்கிரத்தில் முழுதும் கொழகொழவென்று ஆக வேண்டும், அடியில் மண் படியக் கூடாது. ஒரு கடையில் வாங்கிய லூஸ் சரக்கில் அடியில் மணல் நெறுநெறுவென்று நின்றது, அதிலிருந்து நான் தேதி போட்டு மூடிய பாக்கெட்தான் வாங்குகிறேன். மாவாக அரைத்த உமியும் இருக்கிறது. அது தண்ணீரில் போட்டவுடன் கட்டி தட்டிக்கொள்வதால் அரைக்காத முழு உமியே எனக்குப் பிடிக்கிறது.

இந்த உமி நம்ம ஊர்ச் சரக்கு இல்லை. குஜராத்திலும் ராஜஸ்தானிலும் குளிர்காலப் பயிராக விளைகிறது, குஜராத்தில் ஊஞ்ஜா, சித்பூர் பக்கம்தான் இதற்குப் பெரிய சந்தையும் ஆலைகளும், உலகத்துக்கே பெரும்பகுதியை ஏற்றுமதி செய்வது இந்தியாதான். சௌகார்பேட்டையில் இருக்கிற குஜராத்தி, மார்வாடி வீடுகளில் சர்க்கரை டப்பா பக்கத்தில் இதுவும் ஒரு டப்பா இருக்கும். நம் வீடுகளில் இது மலச்சிக்கலுக்கு மட்டும்தான் என்று ஒரு எண்ணம். ஆனால் இதன் வேலையே தண்ணீரை இழுத்துப் பிடித்துக்கொள்வது. மலம் கெட்டியாக இருந்தால் தண்ணீரை உள்ளே வைத்து இளக்கும், தண்ணீராகப் போனால் அதே பசை அந்தத் தண்ணீரைப் பிடித்து உருவம் கொடுக்கும். கலந்த வகை ஐபிஎஸ்காரர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பொருளை நான் பார்க்கவில்லை, ஏனென்றால் பேதி மருந்தையும் கட்டு மருந்தையும் மாற்றி மாற்றிப் போட்டால் ஒன்று இன்னொன்றைக் கிளறிவிடும், இது இரண்டு பக்கமும் இழுத்து நடுவில் நிறுத்துகிறது.

இன்னொரு விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது. நார்ச்சத்து எல்லாம் ஒன்றில்லை. 'நார்ச்சத்து சாப்பிடு' என்று யாராவது சொன்னவுடன் கோதுமைத் தவிடு வாங்கி எல்லாவற்றிலும் கலந்து சாப்பிட்டு வயிறு பலூனாக ஊதி அவஸ்தைப்பட்டவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். தவிடு கரையாத நார், குடலைச் சுரண்டிக்கொண்டு போகும். இசப்கோல் கரைகிற நார், ஆனால் குடல் கிருமிகள் இதை அதிகம் புளிக்க வைப்பதில்லை, அதனால் கேஸ் குறைவு. நெதர்லாந்தில் 275 ஐபிஎஸ் நோயாளிகளை மூன்று பிரிவாகப் பிரித்து 12 வாரம் பார்த்தார்கள், 2009இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. ஒரு பிரிவுக்கு தினம் 10 கிராம் இசப்கோல், ஒரு பிரிவுக்கு 10 கிராம் தவிடு, மூன்றாவது பிரிவுக்குச் சும்மா அரிசி மாவு. முதல் மாதத்தில் போதுமான நிவாரணம் கிடைத்தது என்று சொன்னவர்கள் இசப்கோல் பிரிவில் 100க்கு 57, அரிசி மாவுப் பிரிவில் 35. தவிடு அரிசி மாவைவிடப் பெரிதாக எதுவும் செய்யவில்லை, பாதியில் விட்டு ஓடியவர்களும் தவிட்டுப் பிரிவில்தான் அதிகம், தொல்லை கூடிவிட்டது என்று. 2021இல் அமெரிக்க இரைப்பை குடல் மருத்துவர்கள் சங்கமும் ஐபிஎஸ்ஸுக்குக் கரைகிற நாரைத்தான் சொல்லியிருக்கிறது, கரையாததை அல்ல. அந்த 57ஐயும் 35ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: நல்ல வித்தியாசம், ஆனால் எல்லோருக்கும் கேட்கும் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது.

இனி குடிக்கிற முறை. இங்கேதான் எல்லாம் இருக்கிறது. எங்கள் பெரியம்மா வழி, அநேகமாக உங்கள் வீட்டுப் பெரியவர்கள் வழியும், என்றைக்காவது ஒரு நாள் வயிறு போகவில்லை என்றால் ராத்திரி படுக்கப் போகும் முன் இரண்டு பெரிய கரண்டி உமியை அரை டம்ளர் சூடான பாலில் போட்டு விழுங்கிவிட்டு அப்படியே சாய்ந்துவிடுவது. இதில் ஒவ்வொன்றும் ஐபிஎஸ்காரர்களுக்கு எதிராகப் போகிறது. பாலில் இருக்கிற லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அந்தப் பாலே காலையில் வயிற்றைக் கலக்கும், பழி உமி மேல் விழும். முதல் நாளே இரண்டு கரண்டி என்றால் உப்பசம் நிச்சயம். தண்ணீர் போதாமல் இந்தப் பசை தொண்டையிலோ உணவுக் குழாயிலோ அடைத்துக்கொள்வது நிஜமான ஆபத்து, குடித்தவுடன் படுப்பது அதை இன்னும் மோசமாக்கும். என்றைக்கோ ஒரு நாள் எடுத்தால் பலனும் தெரியாது, இது தினமும் எடுத்து வாரக்கணக்கில் பார்க்க வேண்டிய பொருள்.

நான் செய்வது இப்படி: ஒரு டீஸ்பூன், அதுவும் தலைதட்டி, முழு டம்ளர் சாதாரணத் தண்ணீரில், அதாவது 200 முதல் 250 மில்லி, கலக்கிக் கெட்டியாவதற்கு முன்பே குடித்துவிட்டு, மேலே இன்னொரு அரை டம்ளர். மாலையில் வேலை விட்டு வந்ததும், சாப்பாட்டுக்கு நன்றாக முன்னால். ஒரு வாரம் அதே அளவு, வயிறு ஏற்றுக்கொண்டால் அப்புறம் ஒரு ஸ்பூன் கூட்டுவது. உமி ரொம்ப லேசு என்பதால் ஸ்பூன் கணக்கு ஏமாற்றும், டிஜிட்டல் தராசு இருக்கிற மளிகைக் கடைக்காரரிடம் சொல்லி ஒரு தடவை எடை போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள், ஒரு ஸ்பூன் எத்தனை கிராம் என்று தெரிந்துவிடும். ஆய்வில் கொடுத்த 10 கிராம் எல்லோருக்கும் தேவைப்படாது, எனக்கு அதற்குக் குறைவிலேயே நிற்கிறது.

தண்ணீர் விஷயத்தை இன்னும் கொஞ்சம் பேச வேண்டும். எம்.சி. ரோடு துணிக்கடைகளிலும் மண்ணடி, சௌகார்பேட்டை குடோன்களிலும் காலை முதல் ராத்திரி வரை நின்றுகொண்டு வேலை பார்க்கிற பெண்களில் பலர் வேண்டுமென்றே தண்ணீர் குடிப்பதில்லை. கடையில் டாய்லெட் இருக்காது, இருந்தாலும் பூட்டியிருக்கும், இல்லை மூன்று மாடி ஏற வேண்டும். துறைமுகத்தில் லோடு ஏற்றுகிற அண்ணன்மாருக்கும் வேறு விதத்தில் இதே கதை, வியர்வையில் போவதுதான் அதிகம், உள்ளே போவது குறைவு. இவர்களுக்கு யாராவது இசப்கோல் எடு என்று சொல்லிவிட்டுத் தண்ணீரைப் பற்றிப் பேசாமல் விட்டால் அது உதவி இல்லை, தண்ணீர் இல்லாத உமி உள்ளேயே இறுகிப்போகும். நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்க முடியாத வேலை என்றால் வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு எடுங்கள், அந்த நேரத்தில் இரண்டு மூன்று டம்ளர் தண்ணீர் குடிக்க முடிகிற நாட்களில் மட்டும் எடுங்கள். கடை முதலாளிகள் யாராவது இதைப் படித்தால், பூட்டைத் திறந்து வையுங்கள். ஐபிஎஸ் இருக்கிற ஒரு பெண்ணுக்கு அது மருந்துக்குச் சமம்.

இப்போது மற்ற டப்பாக்கள். வாசனை போட்ட இசப்கோல் பாக்கெட்களில் சர்க்கரையோ செயற்கை இனிப்போ இருக்கும், குடிக்கச் சுலபம் என்பதைத் தவிர வயிற்றுக்குக் கூடுதலாக எதுவும் இல்லை, விலை மட்டும் கூடுதல். 'மல்டி ஃபைபர்', 'ப்ரீபயாட்டிக்' என்று வருகிறவற்றின் பின்பக்கம் பொடி எழுத்தைப் படியுங்கள். இன்யூலின், எஃப்ஓஎஸ், சிக்கரி வேர் நார் என்று இருந்தால் கீழே வைத்துவிடுங்கள். அது வெங்காயம், பூண்டில் இருக்கிற ஃபிரக்டான் வகையைச் சேர்ந்ததுதான், ஆரோக்கியமான வயிற்றுக்கு நல்லதாகவே இருக்கலாம், ஐபிஎஸ் வயிற்றில் கிருமிகள் அதைப் புளிக்க வைத்துக் காற்றை நிரப்பும். சோனாமுகி, லாக்டுலோஸ் போன்ற பேதி மருந்து கலந்து இசப்கோல் பெயரில் விற்பதும் உண்டு, முன்பக்கம் பார்த்தால் தெரியவே தெரியாது. பின்பக்கம் ஒரே ஒரு பொருள் மட்டும் எழுதியிருக்கிற பாக்கெட்டைத் தேடுங்கள்.

ஒரு மதிப்பெண்ணை ஏன் குறைத்தேன் என்றால், வலிக்கு இது போதவில்லை. போகிற தடவையும் மலத்தின் தன்மையும் சீராகும், அதனால் வலியும் ஓரளவு குறையும், ஆனால் மாதக் கடைசியில் கணக்கு முடிக்கிற நாட்களில் வருகிற அந்த இறுக்கிப் பிடிக்கிற வலிக்கு உமி தனியாக ஒன்றும் செய்வதில்லை. அதற்கு டாக்டர் சொல்லி எடுத்த, குடலில் போய்க் கரைகிற மேலுறை போட்ட புதினா எண்ணெய் கேப்சூல் நன்றாகவே கேட்டது, ஏப்பத்தோடு நெஞ்செரிச்சல் இருக்கிறவர்களுக்கு மட்டும் அது ஒத்துவராமல் போகலாம். கேப்சூலைக் கடிக்கக் கூடாது. புதினா டீ இதற்கு ஈடாகாது. அப்புறம் உமியின் முதல் சில நாள் உப்பசம், அந்த வழவழப்பு, சிலருக்குக் குமட்டல். டப்பாவைத் தட்டும்போது எழும்புகிற தூசியே சிலருக்கு மூக்கில் ஒவ்வாமை கொடுக்கும், அப்படி இருந்தால் எடுக்க வேண்டாம். வேறு மாத்திரைகளை உடம்பு உறிஞ்சுவதையும் இந்தப் பசை தடுக்கும், தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும், எந்த மாத்திரைக்கும் உமிக்கும் நடுவில் குறைந்தது இரண்டு மணி நேரம் விடுங்கள். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுக்கிறவர்கள் டாக்டரிடம் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள், சாப்பிட்ட பிறகு ஏறுகிற சர்க்கரையை இது குறைக்கும். விழுங்குவதில் சிரமம் இருக்கிறவர்களுக்கும் குடல் அடைப்பு வந்தவர்களுக்கும் இது கூடாது.

உமியைக் குடித்துவிட்டு பீச் ஸ்டேஷன் எதிரில் ஒரு தட்டு அத்தோ, அதாவது பர்மா நூடுல்ஸ், சாப்பிட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும், நம்ம பக்கத்து ஆட்களுக்கு இது நிஜமான கேள்வி. மைதா நூடுல்ஸ், பச்சை வெங்காயம், வறுத்த வெங்காயம், பூண்டு, எல்லாமே ஃபிரக்டான். மெல்போர்னில் மோனாஷ் பல்கலைக்கழகம் உருவாக்கிய குறை ஃபோட்மேப் உணவு முறை இந்த மாதிரிப் புளிக்கிற மாவுச்சத்துகளைத்தான் 2 முதல் 6 வாரம் குறைக்கச் சொல்கிறது, ஆனால் அதோடு நிற்கவில்லை, அப்புறம் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து எது நம் வயிற்றுக்கு ஆகவில்லை என்று கண்டுபிடித்து அதை மட்டும் விடச் சொல்கிறது. இந்த இரண்டாவது பாதியை விட்டுவிட்டு வாழ்நாள் முழுக்கப் பத்தியம் இருக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அதற்கு அவசியமே இல்லை. எனக்குப் பிரச்சினை வெங்காயமும் பூண்டும்தான், கோதுமை அளவோடு ஒத்துக்கொள்கிறது, அதனால் அத்தோவை விடவில்லை, "அண்ணே, வெங்காயம் போடாம குடுங்க" என்று கேட்டால் போட்டுத் தருகிறார்கள்.

வீட்டுச் சமையலுக்கு ஒரு வழி இருக்கிறது. ஃபிரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. அதனால் குழம்பில் பூண்டைப் போட்டுக் கொதிக்க வைத்துவிட்டுப் பூண்டை மட்டும் ஒதுக்கிவைத்துச் சாப்பிட்டால் பயனில்லை, அது குழம்பிலேயே இறங்கிவிட்டது. ஆனால் நல்லெண்ணெயில் பூண்டைப் பொரித்து, முழுதாக எடுத்துவிட்டு, அந்த எண்ணெயில் தாளித்தால் மணம் இருக்கும், தொல்லை இருக்காது. காசிமேட்டில் வாங்கிய கானாங்கெளுத்தியை இந்த எண்ணெயில் தாளித்து, புளியும் தக்காளியும் மிளகாய்த்தூளும் மட்டும் போட்டுக் குழம்பு வைத்துப் பாருங்கள், மீனில் ஃபோட்மேப் எதுவும் கிடையாது. பூண்டுக்குப் பதில் பெருங்காயம் போடுகிறவர்கள் ஒன்று கவனிக்கணும், கடையில் விற்கிற கூட்டுப் பெருங்காயத்தில் பலதில் மைதா கலந்திருக்கும், சிட்டிகை அளவில் பெரும்பாலும் தெரியாது, கோதுமையே ஆகாதவர்கள் லேபிளைப் பாருங்கள்.

'எல்லாம் உன் மனப்பிரமை' என்று சொல்கிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. பதட்டம் குடலைத் தொடும் என்பது உண்மைதான், அதனால்தான் பேச்சு சிகிச்சைக்கும் மூச்சை மெதுவாக்கும் பயிற்சிக்கும் ஐபிஎஸ்ஸில் இடம் இருக்கிறது. ஆனால் அதற்காக அந்த வலி பொய் ஆகிவிடாது. வீட்டில் யாருக்காவது இது இருந்தால் காலையில் பாத்ரூம் கதவைத் தட்டாதீர்கள், அந்த அவசரம்தான் அவர்களுக்குப் பாதித் தொல்லை. வெளியே போகிறவர்களுக்கு ஒன்று: விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ வந்ததிலிருந்து வழியில் எந்த ஸ்டேஷனில் இறங்கினாலும் டாய்லெட் உண்டு என்கிற தைரியத்தில் நான் இப்போது திருவொற்றியூர் பக்கம் கல்யாணம் காட்சிக்கெல்லாம் யோசிக்காமல் கிளம்புகிறேன்.

இதுவரை சொன்னதெல்லாம், ஐபிஎஸ்தான் என்று டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகு செய்ய வேண்டியவை. மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, தூக்கத்திலிருந்து எழுப்புகிற பேதி, காய்ச்சல், ரத்தசோகை, 50 வயதுக்கு மேல் புதிதாக ஆரம்பிக்கிற தொல்லை, குடும்பத்தில் பெருங்குடல் புற்றுநோய் என்று இதில் எது இருந்தாலும் உமி டப்பாவை வைத்துவிட்டு முதலில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நம்ம பக்கத்தில் ஸ்டான்லியிலேயே இரைப்பை குடலுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. மற்றவர்கள் தினமும் ஒழுங்காக எடுத்து, தண்ணீரும் குடித்து, ஒரு மாதம் தாண்டியும் எந்த மாற்றமும் இல்லை என்றால் அளவைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள், நிறுத்திவிட்டுத் திரும்ப டாக்டரைப் பாருங்கள். போகும்போது எத்தனை ஸ்பூன் எடுத்தீர்கள், என்ன சாப்பிட்டீர்கள், எப்படிப் போனது என்று எழுதிய ஒரு சின்ன நோட்டையும், எடுத்த உமி பாக்கெட்டையும் கையில் கொண்டுபோங்கள், பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்று அவரும் பார்க்கட்டும்.